விரிசல் மேல் கண்ணாடி

எடுத்துக்கோங்க சார், எடுத்துக்கோங்க. நான் இப்படி ஓரமா உட்கார்ந்துக்கறேன், படத்துல விழ மாட்டேன். எல்லாரும்தான் எடுக்கறாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து இந்த மஞ்சள் சுவத்துல சாய்ஞ்சு நின்னு எடுத்துக்கறாங்க. பச்சை ஜன்னலைத் திறந்து வச்சு, அதுக்குப் பக்கத்துல கன்னத்துல கை வச்சு ஒண்ணு. திறந்தா உள்ள என்ன இருக்கு? ஆகாயம் இருக்கு. ஆமணக்கு முளைச்சுக் கிடக்கு. முன்சுவர் மட்டும்தான் நிக்குது, பின்னால இரும்புக் குழாயில முட்டுக் கொடுத்திருக்காங்க. ரோட்டுலேர்ந்து பார்த்தா தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் அப்படிக் கொடுத்திருக்காங்க.

என் வீடு சார் அது.

சும்மா சொல்லலை, அந்தக் கதவுக்கு மேல பாருங்க, பூவேலைக்கு நடுவுல ஒரு எழுத்து இருக்கில்ல, அது எங்க தாத்தா பேரோட முதல் எழுத்து. நான் ஞானாதிக்கம். எதிர்த்தாப்பல டீக்கடையை ஒட்டி ஒரு சின்ன ஃப்ரேம் கடை இருக்கே, அது என்னோடது. இப்ப வாடகை இடம். முன்னாடி கடை இந்த வீட்டுலயேதான், முன் ரூம்ல. படம் கொண்டு வர்றவங்க செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ள வருவாங்க. கடைக்கு யாராவது செருப்பைக் கழட்டிட்டு வருவாங்களா? என் கடைக்கு வந்தாங்க.

ஏன்னா நான் போடறது பெரும்பாலும் செத்தவங்க படம். இந்தத் தெருவுல செத்தவங்க அத்தனை பேரும் என் கை வழியாத்தான் சுவத்துக்குப் போனாங்க. கண்ணாடி வெட்டறது, சட்டம் அடிக்கறது, அப்புறம் படத்துக்குக் கீழ பேரும் தேதியும் எழுதறது. அச்சடிச்சு ஒட்டறதெல்லாம் கிடையாது, கையால எழுதணும். பிறந்த தேதிக்கு முன்னால ஒரு நட்சத்திரம், இறந்த தேதிக்கு முன்னால ஒரு சிலுவை. எங்க கிறிஸ்தவ ஆளுங்களுக்கு அப்படி. மத்தவங்க வந்தா தோற்றம், மறைவுன்னு போட்டுக் கொடுப்பேன். ஒரு தடவை எதிர்வீட்டு வைத்திலிங்கத்தோட அப்பா படத்துலயே மறதியா ஒரு சிலுவையைப் போட்டுட்டேன். விபூதி பட்டையா பூசினவர் சார் அவரு. வைத்தி சின்ன வயசுலேர்ந்து என் கூட்டாளி, அதனால சண்டைக்கு வரலை. ஆனா சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "எங்கப்பாவை ஒரு ராத்திரியில கிறிஸ்தவ வேதத்துல சேர்த்துட்டான்யா இவன்" அப்படின்னு ரோட்டுல போறவனைக் கூப்பிட்டுச் சொல்லுவான். என்ன பண்றது, கை பழகிடுச்சு. கை எழுதிடும், நான் அப்புறமாத்தான் படிப்பேன்.

வீட்டு விஷயத்துக்கு வர்றேன். எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி வீட்டை ரெண்டாப் பிரிச்சார். முன்பக்கம் எனக்கு. நடுவுல முற்றம் பொதுவு. அதுக்குப் பின்னால ரெண்டு ரூமும் சமையல்கட்டும் என் தங்கச்சி ஜெசிந்தாவுக்கு. பொண்ணுக்கும் பங்கு கொடுத்த மனுஷன் அவர். நான் ஒரு வார்த்தை பேசலை. கல்யாணமும் கட்டிக்கலை. அவளும் அவ வீட்டுக்காரர் சவரிநாதனும் பின்பக்கம் இருந்தாங்க, நான் முன்பக்கம் இருந்தேன், எல்லாம் ஒழுங்காத்தான் இருந்தது. மாப்பிள்ளை மில்லுல இருந்தவரு. மில்லு மூடினதும் பக்கவாதம் வந்து படுத்துட்டார். வலது பக்கம் சுத்தமா இல்லை. வாய் வராது. ஆனா காது கேட்கும், கண்ணு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கும். ஜெசிந்தா தையல் மிஷின் வச்சு ரவிக்கை தைச்சுக்கிட்டு அவரையும் பார்த்துக்கிட்டாள். நான் தினம் சாயங்காலம் போய் அவர் கட்டில்கிட்ட நின்னுட்டு வருவேன். வேற யாரு செய்வா?

அப்புறம் அந்தப் புயல் வந்தது. முந்தின வருஷம் வந்ததே, அதைத்தான் சொல்றேன். புயல்ல எங்க தெருவுல ஒண்ணும் விழலை. புயல் போய், வெயில் அடிச்சு, எல்லாரும் துணி காயப் போட்டதுக்கு அப்புறம், ஒரு மத்தியானம் முக்கு வீடு அப்படியே உட்கார்ந்துடுச்சு. ஆளில்லாத வீடு, அதனால யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா புழுதி இருக்கே, சுண்ணாம்புப் புழுதி, தெரு முழுக்க ரெண்டு நாளைக்கு எல்லார் தலையும் நரைச்சுப் போயிருந்தது.

உடனே ஒரு கமிட்டி போட்டாங்க. பழைய தெருவாச்சே. எந்த வீட்டை வச்சுக்கலாம், எந்த வீட்டை இடிச்சுத் தள்ளணும்னு பார்த்து முடிவு பண்ண. கோயில் மண்டபத்துல கூட்டம் வச்சாங்க. தெருவே ரெண்டா நின்னுச்சு. வைத்தி எழுந்து சொல்றான்: "சார், என் வீட்டை இடிச்சுக் கொடுத்துடுங்க. நான் மூணு மாடி கட்டி லாட்ஜ் வச்சுப் பொழைச்சுக்கறேன். முன்னால வேணும்னா ரெண்டு தூணு பழைய மாதிரியே உருட்டி வச்சுடறேன், வெள்ளைக்காரன் வந்து கட்டிப்பிடிச்சுப் போட்டோ எடுத்துக்கட்டும்." மண்டபமே சிரிச்சது. எனக்கு ரத்தம் கொதிச்சது சார். எழுந்தேன். நான் மேடையில பேசினவன் இல்லை. ஆனா அன்னிக்கு வந்தது. "எங்க தாத்தா கட்டின வீடு. அதுல ஒரு செங்கல்லைத் தொடறதுக்கு எவனுக்கும் உரிமை கிடையாது. இடிக்கறவன் முதல்ல என்னை இடிக்கட்டும்"னேன். கைதட்டினாங்க. கமிட்டியில ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டதை நானே பார்த்தேன்.

கைதட்டல் அடங்கறதுக்குள்ள பின்வரிசையிலேர்ந்து ஜெசிந்தா குரல். "பின்பக்கம் மச்சு ஒழுகுதுங்க. சுவத்துல விரல் போற அளவுக்கு விரிஞ்சிருக்கு. எங்க வீட்டுக்காரர் அதுக்குக் கீழதான் படுத்திருக்காரு."

எப்படி இருக்கும் சொல்லுங்க எனக்கு? இத்தனை பேர் நடுவுல. "ஒழுகாத வீடு எங்கம்மா இருக்கு"ன்னு சொல்லி உட்கார வச்சேன். வெளியில வரும்போது வைத்தி பக்கத்துல வந்து, "முசியே, உங்க வீடு நிக்கலை. பக்கத்து வீட்டு மேல சாஞ்சுக்கிட்டு இருக்கு. அவன் கொஞ்சம் தும்மினான்னா முடிஞ்சது"ன்னான். எங்க தாத்தா காலத்துல பிரெஞ்சு வெள்ளைக்காரனை முசியேன்னு கூப்பிடுவாங்க. எனக்குப் பெருமை ஜாஸ்தின்னு குத்திக் காட்டறதுக்கு அவன் என்னை அப்படிக் கூப்பிடுவான். நான் திரும்பிக்கூடப் பார்க்கலை.

அடுத்த வாரம் கமிட்டியிலேர்ந்து ஒரு இஞ்சினியர் பொண்ணு வந்தது. சுடர்விழின்னு பேரு. தலையில ஹெல்மெட், கையில ஒரு பை. வீடு வீடா விரிசல் பார்த்துக்கிட்டு வந்தது. எங்க வீட்டுல முன்சுவத்துல ஒரு இடம், மாப்பிள்ளை ரூம்ல ஒரு இடம். பையிலேர்ந்து என்ன எடுத்தது தெரியுமா? கண்ணாடி. விரல் நீளத்துக்குச் சன்னமா வெட்டின கண்ணாடித் துண்டு. விரிசலுக்குக் குறுக்கால வச்சு, ரெண்டு முனையிலயும் காரைப் பொட்டு வச்சு ஒட்டினது. ஓரம் எல்லாம் பிசிறு. என்கிட்ட கொடுத்திருந்தா நேரா வெட்டிக் கொடுத்திருப்பேன்.

"இது என்னம்மா, சுவத்துக்கு மூக்குக்கண்ணாடியா?"ன்னேன்.

சிரிச்சது. நல்ல பொண்ணுதான். "விரிசல் நின்னுடுச்சா, இன்னும் போய்க்கிட்டு இருக்கான்னு பார்க்கத்தான் அய்யா. சுவர் நகர்ந்தா கண்ணாடி விரிசல் விட்டுடும்."

"விட்டா?"

"எனக்கு ஒரு போன் பண்ணுங்க. அவ்வளவுதான். நீங்க எதையும் தொட வேண்டாம்."

"விடாம இருந்தா? இந்த மழைக்காலம் பூரா விடாம இருந்துட்டா?"

"அப்ப இடிக்க வேண்டிய அவசியம் இருக்காது அய்யா. ரிப்பேர் பண்ணிக்கலாம்."

கேட்டீங்களா சார்? கண்ணாடி உடையலைன்னா வீடு நிக்கும். அந்தப் பொண்ணு வாயாலயே சொன்னது. ஒவ்வொரு கண்ணாடி மேலயும் மார்க்கர் பேனாவால அன்னிக்குத் தேதியை எழுதிட்டு, நம்பரை என்கிட்ட கொடுத்துட்டுப் போச்சு. வீட்டுக்குப் பெரியவன் நான்தானே.

தெருவே அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தது. சிலபேர் அதுக்குச் சந்தனம்கூட வச்சாங்க. டீக்கடையில ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா, சாப்பிட்டாச்சான்னு கேட்கறதை விட்டுட்டு, கண்ணாடி எப்படி இருக்குன்னு கேட்டாங்க. வைத்தி மட்டும், "என்னோடது இன்னும் உடைய மாட்டேங்குதே, சுத்தியல் ஒண்ணு கடன் கொடு முசியே"ன்னு கேட்டுக்கிட்டுத் திரிஞ்சான்.

ஐப்பசியில மழை பிடிச்சது. முதல் பெரிய மழை விட்ட காலையில நான் இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், ஜெசிந்தா முற்றத்தைத் தாண்டி வந்து நிக்கறாள். "அண்ணே, கண்ணாடி விட்டுடுச்சு."

போய்ப் பார்த்தேன். மயிரிழை மாதிரி ஒரு கோடு. குறுக்கால, நடுவுல. வேற யாரா இருந்தாலும் கண்ணுக்கே தெரியாது.

"அந்தப் பொண்ணு நம்பர் உங்ககிட்டதான இருக்கு? சொல்லிடுங்கண்ணே."

"நான் பார்த்துக்கறேன், நீ போய் வேலையைப் பாரு"ன்னேன்.

பார்த்துக்கிட்டேனா இல்லையா? அவ மார்க்கெட்டுக்குப் போனதும் கடைக்குப் போய், அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டினேன். ஓரத்தை வேணும்னே கொஞ்சம் பிசிறு விட்டு வெட்டினேன், அதுதான் கஷ்டம். நேரா வெட்டிப் பழகின கைக்குக் கோணலா வெட்டறது எவ்வளவு சிரமம்னு உங்களுக்குத் தெரியாது. பழசை எடுத்துட்டு இதை வச்சு, காரைப் பொட்டு வச்சு, பழசுல இருந்த தேதியைப் பார்த்து மார்க்கர்லயே எழுதினேன். அந்தப் பொண்ணு ஏழுக்குக் குறுக்கால ஒரு கோடு போடும். நானும் போட்டேன். மாப்பிள்ளை கட்டில்ல இருந்தபடிக்குப் பார்த்துக்கிட்டே இருந்தார். "என்ன மாப்ளே, புதுசு மாதிரி ஆயிடுச்சில்ல?"ன்னேன். தொண்டையில ஏதோ சத்தம் பண்ணார். இடது கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். நல்லா இருக்குன்னு சொல்றார்னு எடுத்துக்கிட்டேன்.

ஜெசிந்தா வந்து பார்த்துட்டு, "அந்தப் பொண்ணு வந்துச்சாண்ணே?"ன்னாள்.

"எல்லாம் ஆச்சு"ன்னேன்.

நான் பொய் சொல்லலை சார். ஆச்சுன்னுதான் சொன்னேன். கண்ணாடி முழுசா இருந்ததில்ல?

அது திரும்ப விட்டது. திரும்ப மாத்தினேன். அதுவும் விட்டது. விரிசல் கொஞ்சம் அகலமாயிருந்ததால இந்தத் தடவை துண்டைக் கொஞ்சம் நீளமா வெட்ட வேண்டியிருந்தது. அப்பத்தான் யோசனை வந்தது. நான் போட்டுக்கிட்டு இருக்கறது படத்துக்குப் போடற சன்னக் கண்ணாடி, அது எப்படித் தாங்கும்? ஷோகேஸுக்குப் போடற கனமான கண்ணாடி ஒண்ணு கடையில இருந்தது. அதுல வெட்டிப் போட்டேன். அதுக்கப்புறம் உடையவே இல்லை. காரைப் பொட்டுதான் ஒரு பக்கம் சுவத்தை விட்டுக் கழண்டுக்கிட்டு வரும். அதுக்குக் கண்ணாடி என்ன பண்ணும்? திரும்ப ஒட்டிடுவேன். மழை நாள்னா காலையில ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடுவேன். ஒரு வீட்டை இதைவிட யாரு நல்லாப் பார்த்துப்பாங்க?

ஜெசிந்தாவுக்குச் சந்தேகம்னு சொல்ல முடியாது. அவளுக்குப் பயம். சின்ன வயசுலேர்ந்தே இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போற பொண்ணு. ஒருநாள் வந்து, "அண்ணே, மச்சுலேர்ந்து மண்ணு கொட்டுது. இவர் மேல பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருக்கேன். மழை முடியற வரைக்கும் முன் ரூம்ல இவரைப் போட்டுக்கலாமாண்ணே?"ன்னு கேட்டாள்.

முன் ரூம்ல. கடையில. நீங்களே சொல்லுங்க. நாலு சுவத்துலயும் செத்தவங்க படமா மாட்டியிருக்கு. நடுவுல உயிரோட இருக்கற மனுஷனைக் கொண்டாந்து படுக்க வச்சா அவர் மனசு என்ன பாடுபடும்? அவர் நல்லதுக்குத்தான் சொன்னேன், வேண்டாம்மான்னு. கஸ்டமர் வர்ற இடம் வேற. மூத்திர வாடை அடிச்சா யாரு உள்ள வருவா?

"அப்ப நாங்க வேற இடம் பார்த்துப் போயிடறோம்ணே"ன்னாள்.

"போ. போய்ட்டு, வீடு ஆபத்துன்னு நீயே ஊருக்குச் சொல்லிக் கொடு. ஆள் காலி பண்ணின வீட்டைத்தான் முதல்ல இடிப்பாங்க. அப்பா உனக்குப் பங்கு கொடுத்தது இதுக்குத்தானா?"

அதுக்கப்புறம் அவ போகலை. இருந்தாள். அண்ணன் சொன்னா கேட்கற பொண்ணுதான் அப்ப.

கார்த்திகையில ஒரு மத்தியானம். நல்ல மழை. நான் கடையில, சர்ச்சுல முதல் நன்மை வாங்கின ஒரு பையன் படத்துக்குச் சட்டம் அடிச்சுக்கிட்டு இருந்தேன். பின்னாலேர்ந்து ஒரு சத்தம், மூட்டை விழற மாதிரி. அப்புறம் ஜெசிந்தா கத்தற சத்தம். ஓடிப் போனா, மாப்பிள்ளை கால்மாட்டுல மச்சு காரைக் கட்டி ஒண்ணு விழுந்து கிடக்கு, செங்கல்லோட. பன்னிக்குட்டி அளவு இருக்கும். கால்மேல விழலை, கட்டில் சட்டத்துல விழுந்து சட்டம் முறிஞ்சிருக்கு. அவர் முகமெல்லாம் சுண்ணாம்பு, கண்ணு மட்டும் திறந்திருக்கு. மேல உத்திரம் ஒரு பக்கம் சுவத்தை விட்டு இறங்கி நிக்குது.

எதிர்வீட்டுலேர்ந்து வைத்தி ஓடி வந்தான். டீக்கடை ஆளுங்க ரெண்டு பேர் வந்தாங்க. கட்டிலோட தூக்கிக்கிட்டுப் போனாங்க. கொட்டற மழையில முற்றத்தைத் தாண்டி, முன் ரூம் வழியா, ரோட்டைத் தாண்டி வைத்தி வீட்டுக்குள்ள. நான் தூக்கலையான்னு கேட்பீங்க. முன் ரூம்ல இருந்த படத்தையெல்லாம் அவங்க போறதுக்கு வழிவிட்டு எடுத்து வைக்கணுமே. ஊரார் படம் சார், நனைஞ்சா நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

ஜெசிந்தா வைத்தி போனை வாங்கி அந்தப் பொண்ணைக் கூப்பிட்டிருக்காள். நம்பர் அவன்கிட்ட இருந்திருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. அண்ணன்னு ஒருத்தன் பக்கத்துலயே நிக்கறேன்.

அந்தப் பொண்ணு மழைக்கோட்டோட வந்து நின்னது. மச்சைப் பார்த்தது. அப்புறம் சுவத்தைப் பார்த்தது. அவ்வளவு பெரிய கட்டி விழுந்தும் என் கண்ணாடி உடையலை சார். முழுசா இருந்தது. டார்ச்சைக் கிட்டக்கக் கொண்டு போய்ப் பார்த்தது.

"அய்யா, இது நான் ஒட்டினதா?"

"தேதி உன் கையெழுத்துதானேம்மா."

"கையெழுத்து என்னோடது மாதிரிதான் இருக்கு. ஆனா தேதிக்கு முன்னால நான் சிலுவை போடலையே."

நான் அப்பத்தான் பார்த்தேன். இருந்தது. சின்னதா, அழகா, கீழ்க்கால் கொஞ்சம் நீளமா. படத்துக்குப் போடற மாதிரியே. நான் போட்டேன்னு எனக்கே தெரியாது. சொன்னேனே, கை எழுதிடும்.

வைத்தி என் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தான். சிலுவைன்னு யாராவது சொன்னாலே சிரிக்கறவன். அன்னிக்கு அவன் சிரிக்கலை.

ஜெசிந்தா சுவத்துகிட்ட போய் அந்தக் கண்ணாடியைப் படிச்சாள். அவ வீட்டுக்காரர் தலைமாட்டுக்கு நேரா மேல இருந்தது அது. இத்தனை நாளா அதுக்குக் கீழதான் அவருக்குக் கஞ்சி ஊட்டியிருக்காள், தூசியில பார்க்கலை போல. விரலால துடைச்சுத் துடைச்சுப் படிச்சாள்.

"எத்தனை தடவைண்ணே?"ன்னாள்.

"என்ன எத்தனை தடவை?"

"மாத்தினது."

அதையெல்லாம் யாரு கணக்கு வச்சுக்கிட்டு இருக்கா? வீட்டுக்காகப் பண்ணினதை எண்ணிப் பார்ப்பாங்களா? அப்படியேதான் சொன்னேன். அவ தலையை ஆட்டிட்டு மழையில நடந்து வைத்தி வீட்டுக்குப் போயிட்டாள். குடைகூட எடுத்துக்கலை.

திரும்ப கோயில் மண்டபத்துல கூட்டம். எங்க வீடு மட்டும்தான் பேச்சு. நான் எழுந்து அதே மாதிரிதான் பேசினேன், எங்க தாத்தா கட்டின வீடுன்னு. ஒருத்தன்கூடக் கைதட்டலை. ஜனங்க புத்தி அப்படி. அந்தப் பொண்ணு எழுந்து பொறுமையா, என்னைப் பார்த்துத்தான் சொன்னது. "முதல் தடவை விட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருந்தா, உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துட்டு அந்த ஒரு சுவரை மட்டும் பிரிச்சுக் கட்டியிருக்கலாம் அய்யா. வீடு நின்னிருக்கும். இப்ப அந்தச் சுவர் இழுத்து முன்பக்கம் வரைக்கும் எல்லாம் இறங்கிடுச்சு. வேற வழி இல்லை."

அப்புறமா வந்து எதை வேணா சொல்லலாம் சார். அப்ப அப்படிப் பண்ணியிருக்கலாம், இப்படிப் பண்ணியிருக்கலாம்னு. படிச்சவங்க பேச்சு.

கமிட்டியில அந்த அம்மா இருந்தாங்களே, முன்னாடி கண்ணைத் துடைச்சுக்கிட்டவங்க, அவங்கதான் யோசனை சொன்னாங்க. தெரு அழகு கெட்டுடக் கூடாது, முன்சுவர் நல்லா இருக்கு, அதை மட்டும் வச்சுக்கலாம்னு. பாரம்பரியம் முன்சுவத்துலதான் இருக்காம். மத்ததெல்லாம் வெறும் வீடாம். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. வைத்தி வெளியில வந்து, "முகத்தை வச்சுக்கிட்டு உடம்பைக் கொடுத்துட்டியே ஞானா"ன்னான். முசியேன்னு கூப்பிடலை. அதுதான் எனக்குக் கோபம். அவன் வீட்டுக் கண்ணாடி கடைசி வரைக்கும் உடையவே இல்லை, தெரியுமா? இடிங்க இடிங்கன்னு கத்தினவன் வீடு கல்லு மாதிரி நிக்குது, பாருங்க, அதோ. எனக்கு எதிர்லயே நிக்குது.

பொக்லைன் பின்சந்து வழியா வந்தது. முன்னால வந்தா சுவர் கெட்டுடும்னு. நான் இந்த இடத்துலதான், இதே நடைபாதையிலதான் உட்கார்ந்திருந்தேன். ஒண்ணும் தெரியலை சார். சத்தம் மட்டும் கேட்குது. சுவர் அப்படியே நிக்குது, ஜன்னல் சாத்தியிருக்கு, யாரோ உள்ள பாத்திரத்தைப் போட்டு உருட்டற மாதிரிதான் இருந்தது. வேலை முடியறப்ப ஜன்னல் இடுக்கு வழியா வெளிச்சம் வந்தது. அந்த இடுக்குல உள்ளேர்ந்து ஒருநாளும் வெளிச்சம் வந்தது கிடையாது. அப்பத்தான் தெரிஞ்சது.

ஜெசிந்தா முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு மாடி ரூம் பார்த்துப் போனாள். வைத்திதான் அட்வான்ஸுக்கு ஆள் பிடிச்சுக் கொடுத்திருக்கான். மாப்பிள்ளைக்கு அந்த மழையில நனைஞ்சதுல நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. ஏறிச்சு, இறங்கிச்சு, ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் தாண்டலை. மழையில நனைஞ்சதாலதான்னு அவ சொல்றாள். கட்டிலோட தூக்கிக்கிட்டுப் போனது வைத்தி. ஒரு தார்ப்பாய் போட்டு மூடித் தூக்கியிருக்கலாமில்ல? அதை யாரும் கேட்க மாட்டேங்கறாங்க.

அடக்கத்துக்குப் போனேன். மண்ணு போட்டேன். எனக்கு ஒரே ஒரு நினைப்புதான், படம். அவருக்கு நல்ல படம் ஒண்ணு போட்டுக் கொடுக்கணும். மில்லுல இருந்தப்ப எடுத்த போட்டோ, மீசையோட, அது என்கிட்டயே ஒண்ணு இருந்தது. பெரிசு பண்ணி வச்சுட்டேன். தேக்குச் சட்டம், அதுவும் எங்க வீட்டு உத்திரத்துலேர்ந்து இழைச்சு எடுத்த தேக்கு. கண்ணாடி நல்ல வெள்ளைக் கண்ணாடி. தேதி எழுதி, நட்சத்திரம், சிலுவை, எல்லாம் முடிச்சு, அவ வருவான்னு கடையில வச்சிருந்தேன். வரலை. ஒருநாள் கடை வாசலைத் தாண்டி நடந்து போனாள், கையில ஒரு பேப்பர்ல சுத்தின சட்டம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போட்டு வாங்கினது. கூப்பிட்டேன். காதுல விழாத மாதிரி போனாள்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். அண்ணன் போகாம யாரு போறது? பூசை முடிஞ்சு அவ ரூமுக்கு எல்லாரும் காப்பிக்குப் போனோம். சின்ன ரூம், தையல் மிஷின் ஒரு பக்கம், கட்டில் ஒரு பக்கம். சுவத்துல மாப்பிள்ளை படம். பிளாஸ்டிக் சட்டம், தங்கக் கலர் பூசினது. கோணலா மாட்டியிருக்கு. சரி, அதுகூடப் பரவாயில்லை. கண்ணாடியே இல்லை சார். வெறும் போட்டோவை அப்படியே சட்டத்துல சொருகியிருக்கு. தூசி படியும், ஈரம் இறங்கும், ஒரு வருஷத்துல முகம் வெளுத்துப் போகும். பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியலை.

"என்னம்மா ஜெசிந்தா, படத்துக்குக் கண்ணாடி போடலையே. கழட்டிக் கொடு, நான் எடுத்துட்டுப் போய் நாளைக்கே நல்லதா ஒண்ணு போட்டுக் கொண்டாந்து தர்றேன்"ன்னேன்.

அவ எனக்குக் காப்பித் தம்ளரை நீட்டிக்கிட்டு இருந்தாள். முகத்துல கோபமே இல்லை. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாள்.

"வேண்டாம்ணே. உடைஞ்சா நீங்க மாத்திடுவீங்க."

வைத்தி தம்ளரைக் கீழ வச்சுட்டு ஜன்னல் பக்கம் போய் நின்னுக்கிட்டான்.

நீங்க வெளியூர் ஆளு, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க சார். உடைஞ்சதை மாத்திக் கொடுக்கறது ஒரு குத்தமா? என் தொழிலே அதுதானே? எவ்வளவு யோசிச்சாலும் எனக்குப் பிடிபடலை. படம் இன்னும் கடையில சுவத்துப் பக்கம் திருப்பி வச்சபடி இருக்கு. அவ வந்து கேட்டா கொடுத்துடுவேன்.

நில்லுங்க, போயிடாதீங்க. இப்பத்தான் வெயில் சாய்ஞ்சு சுவத்துல விழுது, இனிமேதான் மஞ்சள் எடுக்கும். ஆனா ஜன்னல் திறந்து கிடக்கு, ஆகாயம் தெரிஞ்சு படத்தைக் கெடுத்துடும். பின்சந்து வழியா உள்ள போக எனக்கு ஒரு வழி இருக்கு. ஒரு நிமிஷம் இருங்க, நான் போய் உள்பக்கமா சாத்திட்டு வந்துடறேன். சாத்திட்டா, ஆள் இருக்கற வீடு மாதிரியே தெரியும்.